ராவினாலும் மறையாத எண்

எஃகில் பொறித்த ஓர் எண்ணை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் அந்த எண் ஒழிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கண்ணுக்கு அது ஒழிந்ததுதான். ஆனால் தடய அறிவியல் ஆய்வகத்தில் அதே இடத்தில் பஞ்சில் தோய்த்த அமிலக் கலவையைப் பொறுமையாகத் தடவிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மங்கலாக ஒரு 7 எழும். அதன் பக்கத்தில் ஒரு 3 தெரியும். குற்றம் செய்தவர் அழித்ததாக நம்பிய எண், படம் எடுக்கும் அளவுக்குத் துலங்கிவிடும்.

பாதி வேலைதான் அங்கே முடிகிறது. அந்த எண் யாருக்குச் சொந்தம் என்று எஃகுக்குத் தெரியாது. அந்த விடை எங்கோ ஒரு துப்பாக்கிக் கடையின் பதிவேட்டில் ஒரு வரியாகக் கிடக்கிறது. என்ன துப்பாக்கி, என்ன எண், யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது, என்றைக்குப் போனது என்று ஒரு கணக்கர் எழுதிவைத்த வரி அது. துப்பாக்கியைத் துப்பறிவது என்றால் இந்த இரண்டையும் பொருத்துவதுதான். உலோகத்தின் இயற்பியலைப் பற்றி நாம் வியக்கிறோம். கடைக்காரரின் ஏட்டை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உண்மையில் பல வழக்குகளில் அந்த ஏடுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

எஃகு எப்படி நினைவில் வைக்கிறது?

எண் பொறிக்கும் அச்சை எஃகின் மேல் வைத்து ஓங்கி அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்கு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்குகிறது. எஃகு என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்களின் தொகுப்பு. ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைகளில் ஆங்காங்கே பிறழ்வுகள் உண்டு. உலோகம் வளைவதும் நெளிவதும் இந்தப் பிறழ்வுகள் நகர்வதால்தான் என்பதை 1934இல் டெய்லர், ஓரோவன், பொலானி என்ற மூவர் தனித்தனியே விளக்கினார்கள். பலமாக அடித்தால் பிறழ்வுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, மேற்கொண்டு நகர முடியாமல் நின்றுவிடும். அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கெட்டியாகிவிடும். கட்டட வேலையில் பயன்படும் கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தால் இது கைக்கே தெரியும். முதலில் இளகி வளையும் கம்பி, போகப்போக முரண்டு பிடித்து, கடைசியில் ஒடிந்துவிடும்.

அரம் ராவுவது மேலே தெரியும் பள்ளத்தை மட்டுமே. அதற்குக் கீழே நசுங்கிக் கெட்டிப்பட்ட பகுதி, எண்ணின் வடிவத்திலேயே, அப்படியே இருக்கிறது. நசுங்கிய உலோகத்தில் கூடுதல் ஆற்றல் தேங்கியிருப்பதால் அமிலம் அந்த இடத்தை ஒரு வேகத்திலும், நசுங்காத இடத்தை வேறு வேகத்திலும் அரிக்கிறது. இந்த வேக வித்தியாசம்தான் எண்ணாக நம் கண்ணில் படுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செம்பு குளோரைடு கலந்த கரைசலை ஃப்ரை என்ற ஜெர்மானியர் 1921 வாக்கில் உருவாக்கினார். எஃகுக்கு இன்றும் ஆய்வகங்கள் முதலில் எடுக்கும் கரைசல் அதுதான். அலுமினியக் கலவைகளுக்கு வேறு கரைசல்கள் உண்டு. காந்தமாகும் எஃகாக இருந்தால், காந்தப்புலத்தை ஏற்றி, இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றியும் பார்ப்பார்கள். புலம் கலைந்திருக்கும் இடங்களில் துகள்கள் கூடி எழுத்தைக் காட்டும். இந்த முறை பொருளைச் சிதைக்காது என்பதால் பெரும்பாலும் அமிலத்துக்கு முன்பே செய்யப்படுகிறது.

2015இல் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் இன்னொரு படி ஏறியது. துருப்பிடிக்காத எஃகில் எக்ஸ் என்ற எழுத்தை அச்சால் அடித்து, அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெருகேற்றிவிட்டு, மின்னணு நுண்ணோக்கியில் எலெக்ட்ரான்கள் சிதறித் திரும்பும் கோலத்தைப் புள்ளி புள்ளியாகப் படம் பிடித்தார்கள். படிக அமைப்பு எங்கெல்லாம் குலைந்திருந்ததோ அங்கெல்லாம் எழுத்து மீண்டும் தெரிந்தது.

இன்றைய இந்திய ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இந்த எண்ணைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. செய்தவர் பெயரோ எண்ணோ இல்லாத துப்பாக்கியை விற்கவும் கூடாது. இதற்கு மேல் ஒரு கடுமையான வரியும் உண்டு. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவரே அழித்தார் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பில்தான் இருக்கும். இங்கே அது இடம் மாறுகிறது. குறியில்லாத துப்பாக்கியைச் சட்டம் எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இதுவே அளவுகோல்.

கல்கத்தாவில் காணாமல்போன பத்துப் பெட்டிகள்

துப்பாக்கி வணிகரின் ஏடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தியா 1914லேயே பார்த்துவிட்டது. கல்கத்தாவில் ஆர்.பி.ரோடா கம்பெனி புகழ்பெற்ற துப்பாக்கிக் கடை. 1914 ஆகஸ்ட் 26 அன்று அந்தக் கடையின் குமாஸ்தா சுங்க அலுவலகத்தில் 202 பெட்டிகளை மீட்டார். கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மீதிப் பத்தையும் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அந்தப் பத்துப் பெட்டிகளில் இருந்தவை 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். வங்கத்தின் புரட்சிக் குழுக்களுக்காகத் திட்டமிட்டு நடத்திய கைப்பற்றல் அது. பெட்டிகள் வரவில்லை என்ற விவரம் காவல்துறைக்குப் போகவே மூன்று நாள் ஆனது.

ஒவ்வொரு மௌசரிலும் தயாரிப்பாளரின் எண் இருந்தது. அந்த எண்களை ரோடா கம்பெனி குறித்துவைத்திருந்தது. அதற்குப் பிறகு எங்கே ஒரு மௌசர் பிடிபட்டாலும் எண்ணைப் பார்த்ததுமே அது அந்த ஐம்பதில் ஒன்றா என்று சொல்லிவிட முடிந்தது. 1918இல் வெளிவந்த, பிரிட்டிஷ் அரசின் ரவுலட் குழு அறிக்கை இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போடுகிறது. 44 துப்பாக்கிகள் ஒன்பது குழுக்களுக்கு உடனடியாகப் பிரிந்து போயின. 1914 ஆகஸ்டுக்குப் பிந்தைய 54 கொள்ளை, கொலை, கொலை முயற்சி நிகழ்வுகளில் அவை பயன்பட்டன. அறிக்கை எழுதும்போது 31 துப்பாக்கிகள் மீட்கப்பட்டிருந்தன. புரட்சியாளர்களை வேட்டையாட அந்நிய அரசு பயன்படுத்திய ஏடு அது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரே திருட்டின் கிளைகளை இத்தனை நிகழ்வுகள்வரை தொடர்ந்து போக முடிந்தது என்றால், எண்களை எழுதிவைத்த கடைப் புத்தகமும் அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் பிரிட்டிஷ் ஆட்சியர் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் கைத்துப்பாக்கியால். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் துப்பாக்கியை உரிமத்துக்குள் கொண்டுவந்திருந்தது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு மண். வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தது அங்கேதான். பிரிட்டிஷ் ஏடு எட்டாத நிலம் அது. துப்பாக்கியில் எண் இருந்தாலும், அந்த எண்ணை எழுதிவைத்த கடை சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தால் தடம் அறுந்துவிடும்.

ஊரப்பாக்கத்திலிருந்து தொடங்கினால்

தாம்பரத்தை அடுத்த நம் ஊரப்பாக்கத்துக்காரர்கள் அன்றாடம் துப்பாக்கியைப் பார்க்கும் இடம் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள வங்கி வாசல்தான். காவலரின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பின்னால் நீளமான காகிதத் தடம் உண்டு. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. காவல் ஆணையர் உள்ள பகுதிகளில், உரிமம் தரும் மாவட்ட நடுவர் என்ற சொல் ஆணையரையே குறிக்கும் என்கிறது ஆயுதச் சட்டம். ஆகவே ஊரப்பாக்கத்துக்காரர் ஒருவர் துப்பாக்கி உரிமம் கேட்டால் முடிவு தாம்பரம் ஆணையர் கையில். ஆணையரகத்துக்கு வெளியே உள்ள செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளுக்கு ஆட்சியர்.

உரிமம் கிடைத்தவர் கடைக்குப் போகிறார். கடைக்காரருக்கும் தனி உரிமம் உண்டு; அதன் நிபந்தனைகளில் பெரும்பகுதி எழுதிவைப்பது பற்றியதுதான். வாங்கிய ஒவ்வொரு துப்பாக்கியும் வகை, விட்டம், எண், தேதியோடு இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். விற்றால் வாங்கியவர் பெயர், முகவரி, உரிம எண் விற்பனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதோடு முடியாது. வாங்குபவரின் உரிமத்திலும் என்ன விற்றேன், எத்தனை விற்றேன், என்றைக்கு விற்றேன் என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தோட்டாவுக்கும் இதே கதைதான். அதிகாரிகள் கேட்கும் நேரத்தில் ஏட்டையும் இருப்பையும் காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒரே நிகழ்வு இரண்டு இடங்களில், இரண்டு பேர் வசம் எழுத்தாக இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றது காட்டிக்கொடுக்கும். இருவரும் கூட்டுச் சேர்ந்து திருத்தினாலும், கடைக்குச் சரக்கு அனுப்பிய தொழிற்சாலையின் ஏடு மூன்றாவது சாட்சியாக வந்து நிற்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கணக்கு. தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, விற்பனையைக் கழித்தால் கையிருப்பு வர வேண்டும். இயற்பியலில் ஆற்றல் அழிவின்மை விதி எவ்வளவு எளிமையோ அவ்வளவு எளிமை இது. ஒரு துப்பாக்கி குறைந்தாலும் கூடினாலும் கேள்வி எழும். கூடுதலாக இருப்பதும் குற்றம்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கணக்கில் வராத ஒரு துப்பாக்கி அலமாரியில் இருந்தால், அது கணக்கில் வராமலே வெளியே போகவும் முடியும்.

தனியார் தங்கள் துப்பாக்கியை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும் தடம் தேவை. உரிமம் உள்ள இன்னொருவருக்குத்தான் விற்கலாம். முன்கூட்டியே மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்களின் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்கிறார்கள் அல்லவா? அந்த நேரத்தில் காவல் நிலையமும் கடையும் துப்பாக்கிகளின் தற்காலிகக் காப்பகம் ஆகிவிடுகின்றன. அப்போதும் ரசீது, எண், தேதி, கையெழுத்து எல்லாம் உண்டு.

எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு கட்டுப்பாடு?

எல்லாத் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் சமம் அல்ல. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, அல்லது தோட்டா தீரும்வரை, தொடர்ந்து சுடும் ஆயுதம் தடைசெய்யப்பட்ட வகை. ராணுவத்தின் தோட்டா பொருந்தும் .303, 9 மில்லிமீட்டர் போன்ற விட்டங்களும் தடைக்குள் வருகின்றன. இவற்றுக்கு உரிமம் தரும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே. பாசறையிலிருந்து திருடிய தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே இதன் தர்க்கம். இந்திய அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு .315 ரைஃபிளும் .32 ரிவால்வரும் செய்வதன் பின்னணி இதுதான். .303க்கும் .315க்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு சொச்சம். அந்த மெல்லிய இடைவெளியில் ஒரு பாதுகாப்புக் கொள்கையே உட்கார்ந்திருக்கிறது.

வங்கிக் காவலரின் துப்பாக்கியைப் பன்னிரண்டு போர் என்பார்கள். போர் என்பது குழலின் துளை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை சுமார் 37.8 கிராம் இருக்கும். அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அந்த உருண்டை சரியாக நுழையும் குழல் பன்னிரண்டு போர். எண் கூடினால் குழல் குறுகும் என்ற விநோதம் இதனால்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானின் விளையாட்டுக்கும் இதே அளவுதான்.

மறுமுனையில் காற்றுத் துப்பாக்கி. குழல் 0.177 அங்குலத்துக்கு மேல் போனாலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ அதற்கும் உரிமம் வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். அரை கிராம் எடையுள்ள குண்டு 20 ஜூல் அளவைத் தொட வேண்டுமானால் விநாடிக்கு ஏறக்குறைய 283 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். 7.62 மில்லிமீட்டர் ராணுவ ரைஃபிளின் குண்டு சுமார் 3,300 ஜூல் ஆற்றலைச் சுமந்துகொண்டு கிளம்புகிறது. இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் ஆற்றலில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்கு வித்தியாசம். கட்டுப்பாடும் அதற்கேற்பப் படிப்படியாக இறுகுகிறது.

எண்ணிலிருந்து ஆளுக்கு

குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்கள் குண்டின் மேல் கீறல்களைப் பதிக்கின்றன. காலித் தோட்டாவின் அடியில் சுடுமுனையின் தழும்பு விழுகிறது. 1920களில் அமெரிக்காவில் கால்வின் கோடார்டும் அவர் கூட்டாளிகளும் இரட்டை நுண்ணோக்கியின் கீழ் இரண்டு குண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் முறையை நிலைநிறுத்தினார்கள். கல்கத்தா காவல்துறை 1930இல் ஆயுத நிபுணர் ஒருவரை நியமித்துச் சிறிய ஆய்வகம் அமைத்தது. நம் வட்டாரத்தில் இந்த அறிவியலின் தேவையைப் பலருக்கும் உணர்த்தியது 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கு. செங்கல்பட்டு செசன்ஸ் நீதிமன்றத்தில் நடந்த அந்த விசாரணையில் யார் சுட்டது என்பதில் இரு தரப்பும் இரு கதை கூறின. குண்டு எந்தக் குழலிலிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பேச்சால் மட்டும் பதில் சொல்ல முடியாத நிலை. குற்றம் சாட்டப்பட்ட நடிகர் எம்.ஆர்.ராதாவுக்கு 1967 நவம்பரில் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் கீறல்கள் துப்பாக்கியைத்தான் காட்டும். ஆளைக் காட்டுவது ஏடு. இதற்கு உலகமறிந்த உதாரணம் 1963 நவம்பர் 22. டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்ட பின் கிடைத்த இத்தாலிய ரைஃபிளில் சி2766 என்ற எண் இருந்தது. அதை இறக்குமதி செய்த நியூயார்க் நிறுவனத்தின் ஏடு சிகாகோவின் கிளைன்ஸ் விளையாட்டுப் பொருள் கடையைக் காட்டியது. அந்தக் கடைக்காரர்கள் இரவு முழுவதும் மைக்ரோஃபிலிம் சுருள்களைத் தேடி, விடிவதற்குள் அஞ்சல் வழி வந்த ஆர்டர் படிவத்தைக் கண்டுபிடித்தார்கள். தொலைநோக்கியோடு விலை 19.95 டாலர், பெயர் ஏ. ஹைடெல். பெயர் பொய். ஆனால் கையெழுத்து லீ ஹார்வி ஆஸ்வால்டுடையது. அதே பொய்ப் பெயரில் ஓர் அடையாள அட்டை அவர் பணப்பையிலேயே இருந்தது. கொடுத்தவர் பொய் சொன்னாலும், அந்தப் பொய்யை அப்படியே பத்திரப்படுத்தி வைத்த ஏடு உண்மையைக் காட்டிவிட்டது.

நம் நாட்டின் துயரமான உதாரணம் வேறு மாதிரி. 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் உயிரைப் பறித்தது 606824 என்ற எண் கொண்ட இத்தாலிய பெரெட்டா. குவாலியரில் அது கைமாறிய விவரம் வழக்கில் வந்தது. ஆனால் இத்தாலியில் பிறந்த ஆயுதம் குவாலியருக்கு எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல உண்டு. கடை ஏடு போன்ற திடமான ஒரு சங்கிலி இல்லை. எண் முழுமையாக இருந்தது. ராவப்படவும் இல்லை. ஆனால் அதைத் தொடர்ந்து எழுதிவந்த கைகள் இல்லை.

சங்கிலி ஏன் இவ்வளவு எளிதில் அறுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு துப்பாக்கி ஐந்து கைகள் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கையிலும் பதிவு சரியாக இருக்கும் வாய்ப்பு 95 விழுக்காடு. கேட்க நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஐந்தும் சேர்ந்து சரியாக இருக்கும் வாய்ப்பு 77 விழுக்காடுதான். கிட்டத்தட்ட நான்கில் ஒரு துப்பாக்கிக்குத் தடம் தொலைந்துவிடும். ஒவ்வொருவரும் 99 விழுக்காடு சரியாக எழுதினால் மொத்தம் 95 ஆகும். ஒரு கடைக்காரரின் சின்ன அலட்சியம் எங்கோ ஒரு வழக்கைக் குழப்பப் போதுமானது.

ஏடு பொய் சொல்லும்போது

எழுதாமல் விடுவது ஒரு நோய் என்றால், எழுதக் கூடாததை எழுதுவது இன்னொன்று. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் முறையற்ற வகையில் வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டை சி.பி.ஐ. விசாரித்தது. ராஜஸ்தான் காவல்துறை 2017இல் கிளறிய நூல் அது. அதிகாரிகளோடு துப்பாக்கிக் கடைக்காரர்களும் அந்த விசாரணையின் வளையத்துக்குள் வந்தார்கள். இங்கே காகிதம் குறையவில்லை. காகிதம் அளவுக்கு மேல் இருந்தது. உரிமம் வாங்கியவர் அந்த ஊரில் வாழ்கிறாரா, அவருக்குத் துப்பாக்கி ஏன் என்று கேட்க வேண்டிய இடத்தில் முத்திரை மட்டும் விழுந்தது.

நாட்டுத் துப்பாக்கி மூன்றாவது சிக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில் பட்டறையில் செய்த குழலும் உள்ளூர் மரக்கட்டையுமாக இருக்கும் துப்பாக்கிக்கு எண்ணே கிடையாது. எண் இல்லாததால் ஏடும் கிடையாது. ஆய்வகம் எத்தனை அமிலம் தடவினாலும் மீட்க அங்கே ஒன்றும் இல்லை. வனத்துறையும் காவல்துறையும் தாங்களாக வந்து ஒப்படையுங்கள் என்று வேண்டுகோள் விடுப்பதன் காரணம் இதுதான். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டவிரோத ஆயுதக் கடத்தலுக்குப் புதிய வரையறை தந்தபோது, முறையாகக் குறியிடப்படாத துப்பாக்கியின் நடமாட்டத்தையும் அதில் சேர்த்தது. அதற்கான தண்டனை குறைந்தது பத்தாண்டு, ஆயுள்வரையும் போகலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது.

ஏட்டை எங்கே வைப்பது என்பதில் நாடுகள் வெவ்வேறு வழியில் போகின்றன. அமெரிக்காவில் இயந்திரத் துப்பாக்கி, ஒலியடக்கி போன்றவற்றுக்கு 1934 முதல் மையப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு கைமாற்றமும் அரசின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கிகளுக்கோ 1968இல்தான் எண்ணும் கடைப் பதிவும் முழுமையாகக் கட்டாயமாயின. அவற்றுக்கு மையப் பதிவேடு அமைக்கவே 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. அதனால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் உள்ள தேசியத் தடமறியும் மையத்தில், மூடிய கடைகள் அனுப்பிய பழைய ஏடுகளை ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டியிருக்கிறது. இந்தியா மறுவழியில் போனது. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் உண்டு. கணினியில் ஏற்றுவதால் மட்டும் ஏடு உண்மையாகிவிடாது என்பதைத்தான் ஜம்மு காஷ்மீர் விவகாரம் நினைவூட்டியது.

காலம் இன்னொரு பகைவன். துப்பாக்கி பல தலைமுறை உழைக்கும். காகிதம் அவ்வளவு நாள் தாங்காது. ஐ.நா. பொதுச்சபை 2005இல் ஏற்ற பன்னாட்டுத் தடமறியும் ஆவணம் இதற்காகவே தயாரிப்புப் பதிவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகளும் மற்றவற்றை 20 ஆண்டுகளும் காக்கச் சொல்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல உண்டு. பீரோவுக்குள் தாத்தாவின் துப்பாக்கி துணி சுற்றிக் கிடக்கும் வீடும் இருக்கக்கூடும். உரிமம் காலாவதியாகிவிட்டாலோ உரிமதாரர் காலமாகிவிட்டாலோ அதை அப்படியே விட்டுவைக்காதீர்கள். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசுகள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. துருவைப் போக்குகிறோம் என்று எண் இருக்கும் இடத்தில் உப்புத்தாள் போடாதீர்கள். ஒப்படைக்கும்போது, ரசீதில் எழுதிய எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.